நேற்றைய நண்பர்களோடு ஓர் ஆற்றுப் பயணம்

முந்தின நாள் இரவு ஹாஸ்டல் வராந்தாவில் அறிமுகமானவர்கள்: ஒரு ஜெர்மன்காரர், இரண்டு கொரியப் பெண்கள், பெங்களூரிலிருந்து வந்த ஐ.டி. இளைஞர். மறுநாள் பகலில் ஒரே டுக்-டுக்கில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூரைமேல் கறுப்பு டியூப்கள். லாவோஸ் நாட்டின் வாங் வியெங் ஊரில் அன்றாடம் பார்க்கக்கூடிய காட்சி இது.

தலைநகர் வியன்டியானுக்கு வடக்கே, சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவில், நாம் சாங் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். 2021 டிசம்பரில் சீனா-லாவோஸ் ரயில் பாதை திறந்த பிறகு, பஸ்ஸில் நாலு மணி நேரம் பிடித்த பயணம் சுமார் ஒரு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. லாரி டியூபைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இங்குள்ள விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குச் சில கிலோமீட்டர் மேலே இறக்கிவிடுவார்கள். டியூபில் மல்லாந்து படுத்தால் ஆறே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். 1990களின் கடைசியில், பண்ணை ஒன்றில் வேலை செய்த தன்னார்வலர்கள் அலுப்புத் தீர மிதக்கட்டும் என்று அதன் உரிமையாளர் டியூப் கொடுத்ததில் தொடங்கியது இந்தப் பழக்கம்.

வந்து சேர்வதற்குள் படும் பாடு வேறு. கோடையில் தண்ணீர் வற்றி, முதுகு கூழாங்கல்லில் உரசும். இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு யாருக்காகவும் நிற்காது. கரையிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்தவர் கரையேறிவிடுவார். தவறவிட்டவர் கை நீட்டியபடியே அடுத்த வளைவைத் தாண்டிவிடுவார். யாரோ ஒருவரின் செருப்பு தனியாக மிதந்து போகும். குன்றுக்குப் பின்னால் வெயில் இறங்கியதும் தண்ணீர் சில்லிட்டுவிடும். டியூபை நேரத்துக்குத் திருப்பித் தராவிட்டால் அபராதம் வேறு.

இதெல்லாம் ஊருக்குத் திரும்பிச் சொல்லிச் சிரிக்கிற கதை. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை.

ஒரு காலத்தில் அந்தக் கரை நெடுக பார்கள். இலவச மது, உயரமான கயிற்று ஊஞ்சல்கள், சறுக்குகள். ஆழம் தெரியாமல் தலைகீழாகக் குதித்துப் பாறையில் மோதியவர்கள் உண்டு. குடித்துவிட்டு மூழ்கியவர்கள் உண்டு. 2011இல் மட்டும் 27 பயணிகள் இறந்ததாக உள்ளூர் மருத்துவமனையை மேற்கோள் காட்டிப் பத்திரிகைகள் எழுதின. 2012இல் அரசு தலையிட்டு அந்த பார்களை மூடியது. தேவையான நடவடிக்கை, ஆனால் தாமதமாக வந்தது.

கூட்டமாக இருக்கிறோம் என்கிற தைரியம்தான் இங்கே பாதி வினை. கூடப் படித்தவனாக இருந்தால், “டேய், உனக்கு நீச்சல் தெரியாது, மேலே வாடா” என்று சட்டையைப் பிடித்து இழுப்பான். நேற்று சந்தித்தவருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூச்சப்படுவார். ஒருவர் குறைந்தால்கூட, முன்னால் போயிருப்பார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

2024 நவம்பரில் இதே ஊரில் வேறொரு துயரம். மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு வெளிநாட்டவர் இறந்தார்கள்; அவர்களில் பலர் இளம் பெண்கள். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த நமக்கு அந்த விஷத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பாதிப்பு தெரியவே பல மணி நேரம் ஆகலாம். தலைவலி, வாந்தியோடு படுத்திருப்பவரைப் பார்த்து, ‘ராத்திரி குடித்தது இன்னும் தெளியவில்லை’ என்று அறைத் தோழர்கள் விட்டுவிடுகிற ஆபத்து அதிகம். பார்வை மங்குகிறது என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விடுமுறைக்கு லாவோஸ் போகிறவர்கள் வாங் வியெங்கைத் தவறவிட வேண்டாம். அவ்வளவு அழகான ஆறு அது. டுக்-டுக்கில் ஏறும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: முழுப் பெயர், நீச்சல் தெரியுமா, வீட்டுத் தொலைபேசி எண். உங்களுடையதையும் சொல்லுங்கள். கடையில் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு வெகு முன்பே கரையேறி, எத்தனை பேர் இறங்கினீர்களோ அத்தனை பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள்.