பழைய திருட்டு மணி: பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா?

ஊருக்குப் புறப்படும் முன் மும்பைத் தமிழர்கள் செய்ய வேண்டிய சோதனை

மே மாதம் வந்துவிட்டால் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி பகுதிகளில் தமிழர் வீடுகள் பல பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊரில் கோயில் கொடை. சொந்தத்தில் ஒரு கல்யாணம். குடும்பத்தோடு நாகர்கோவில் எக்ஸ்பிரசிலோ சென்னை மெயிலிலோ ஏறிவிட்டால், திரும்பி வர ஒரு மாதம் ஆகிவிடும்.

அந்த ஒரு மாதமும் வீட்டுக்கு என்ன காவல்? கதவில் பூட்டு. வெளியே இரும்பு சேஃப்டி டோர். கீழே வாட்ச்மேன். சில வீடுகளில், பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் பொருத்திய திருட்டு மணியும் உண்டு.

"இன்னும் நல்லாத்தானே அடிக்குது, எதுக்குங்க மாத்தணும்?" என்பார் வீட்டுக்காரி. "புதுசு வாங்கினா ஊர்ல இருந்தே செல்போன்ல பாக்கலாம்பா" என்பான் மகன். சம்பளத்தில் வாழும் குடும்பத் தலைவர் விலையைக் கேட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று தள்ளிப் போடுவார். இது பல வீடுகளில் நடக்கும் பேச்சு. இதில் யார் கட்சி சரி?

மணியின் வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதில் எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கண், மூளை, குரல்

எந்தத் திருட்டு மணிக்கும் மூன்று உறுப்புகள். கதவு திறப்பதையும் ஆள் நடமாட்டத்தையும் அறிவது கண். சுவரில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி மூளை. சைரனும், வெளியூரில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பும் தொலைபேசி இணைப்பும் குரல்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. கதவைத் திறந்தால் மின்சார மணி அடிக்கும் கருவிக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் 1853-லேயே காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

கண் எளிதில் கெடாது. கதவில் ஒரு காந்தம், நிலையில் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் விலகினால் மின்தொடர்பு அறும், மணி அடிக்கும். குழாய் மூடியிருப்பதால் மும்பை மழைக்காலத்து ஈரம் உள்ளே போகாது. ஈரம் பாதிப்பது வெளியே உள்ள ஒயர் இணைப்புகளைத்தான். அவை பச்சை பூத்துப் போகும். எலி கடித்த ஒயரும் உண்டு. இவற்றைச் சரி செய்வது சின்ன வேலை.

உடல் வெப்பத்தைக் கொண்டு நடமாட்டத்தை அறியும் சென்சார் இன்னொரு கண். இதன் மேல் பல்லி ஊர்ந்தாலும், பூச்சி கூடு கட்டினாலும் வீண் மணி அடிக்கும். துடைத்துச் சுத்தம் செய்தும் தொல்லை தீராவிட்டால் அந்த ஒரு சென்சாரை மட்டும் மாற்றலாம்.

பேட்டரி சோதனை

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. இதன் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். பத்து ஆண்டுகளாக மாற்றாமல் விட்ட பேட்டரியை நம்பக் கூடாது. கரண்ட் இருக்கும்போது மணி அடிப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல கட்டடங்களில் மீட்டர் பலகை கீழ்த்தளத்தில், யார் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. திருடன் முதலில் அணைப்பது அந்த மெயின் சுவிட்சாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரு விடுமுறை நாளில் மெயினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து பாருங்கள். சைரன் முழு மூச்சில் கத்தினால் சரி. முனகினாலோ, பேட்டரி வயிறு புடைத்திருந்தாலோ மாற்றுங்கள். பெட்டியும் சென்சார்களும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக் கொண்டால், புது பேட்டரி கணக்குப்படி 35 மணி நேரம் தாங்கும். நடைமுறையில் ஒரு நாள் என்று கொள்வது நல்லது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஊமையான மணிகள்

பழைய மணிகளில் முதலில் சாவது குரல்தான். பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

பழைய பெட்டிகள் தரைவழித் தொலைபேசி மூலம் எண்ணைச் சுழற்றித் தகவல் சொல்லும். செம்புக் கம்பி இணைப்புக்கு எக்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது. இப்போது ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட வீடுகளில் போன் ஓடுவது மோடத்தின் தயவில். மெயினை அணைத்தால் மோடமும் அணையும்; போனும் ஊமை. மோடத்துக்குத் தனியாக ஒரு சிறு யூ.பி.எஸ். வைத்தால்தான் தப்பலாம். தரைவழி இணைப்பையே திருப்பிக் கொடுத்துவிட்ட வீடுகளில் கேட்கவே வேண்டாம். பெட்டி யாரிடமும் பேசப் போவதில்லை.

அதன்பின் வந்தவை சிம் கார்டு போட்ட மணிகள். இவற்றில் பல 2ஜி மட்டுமே அறிந்தவை. 2016-ல் வந்த ஜியோ 4ஜி-யில்தான் தொடங்கியது. அந்த சிம் 2ஜி மணியில் வேலை செய்யாது. அமெரிக்காவில் ஏ.டி.அண்டு.டி. நிறுவனம் 2017-ல் 2ஜி சேவையையும் 2022-ல் 3ஜி சேவையையும் நிறுத்தியது. அவற்றை நம்பிய பழைய மணிகளைப் புதிய இணைப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் ஏர்டெல் 2020-ல் 3ஜி-யை மூடியது. ஆகவே இப்போது புதிதாக எது வாங்கினாலும் 4ஜி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: மணிக்குள் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்தீர்களா? மூளையும் கண்ணும் சரியாக இருந்தும், கெடு முடிந்த சிம்மால் ஊமையாகக் கிடக்கும் மணிகள் உண்டு.

எப்போது பழுது, எப்போது மாற்றம்?

சுவருக்குள் ஒயர் நன்றாக இருந்து, பெட்டியும் ஒழுங்காக ஓடினால், பேட்டரியை மாற்றி 4ஜி டயலர் ஒன்றைச் சேர்த்துக் கொண்டால் போதும். செலவு குறைவு. பெட்டி மட்டும் போய்விட்டதென்றால், பழைய ஒயரையும் காந்தத்தையும் வைத்துக் கொண்டு புதுப் பெட்டி பொருத்தலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

உதிரி பாகம் கிடைக்கவில்லை, ஒயர் பல இடங்களில் அறுந்துவிட்டது, பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால் தயங்காமல் மாற்றிவிடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒயர் இல்லாத மணி வசதி. வீடு மாறும்போது கழற்றிக் கொண்டு போகலாம். ஆனால் ஒவ்வொரு கதவு சென்சாருக்கும் ஒரு சிறு பேட்டரி உண்டு. அதை மறந்தால் அந்தக் கதவுக்குக் காவல் இல்லை. எந்த மணியானாலும் கம்பெனி கொடுத்த ரகசிய எண்ணை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

யார் ஓடி வருவார்?

மணி திருடனைப் பிடிக்காது. அது கூப்பிடும், அவ்வளவே. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வர வேண்டும். அடிக்கடி வீணாக அலறும் மணியை அக்கம் பக்கத்தார் பொருட்படுத்துவதில்லை. "அந்த மதராசி வீட்டு மணி எப்பவும் இப்படித்தான்" என்று அவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மணியும் வீண்.

அதனால் ஊருக்குப் போகுமுன் எதிர் வீட்டு மராத்திக்காரரிடமும் மாடி வீட்டு குஜராத்திக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மணியை ஒரு தடவை அடித்தும் காட்டுங்கள். உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்து, சத்தம் கேட்டால் தனியாக உள்ளே நுழையாமல் 112-க்குப் போன் செய்யும்படி கேட்டுக் கொள்ளுங்கள். டயலரில் ஊரில் இருக்கும் உங்கள் எண்ணோடு இவர்களில் ஒருவர் எண்ணையும் சேர்த்து வையுங்கள். திருநெல்வேலியில் இருந்து நீங்கள் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். எதிர் வீட்டுக்காரர் அரை நிமிடத்தில் கதவருகே வந்துவிடுவார்.

மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை மட்டும் எந்த மணியையும் நம்பி அலமாரியில் வைக்காதீர்கள். வங்கி லாக்கரில் வையுங்கள். அங்கே திருடு போனால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு என்பது 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நகையின் முழு விலை அதில் கிடைத்துவிடாது. என்றாலும் பூட்டிய வீட்டை விட லாக்கர் பத்திரம்.

டிக்கெட்டுக்கு இரண்டு மாதம் முன்பே ஓடி அலைகிறோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெயினை அணைத்து இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள். மணி அடிக்காவிட்டால் சரி செய்ய ஒரு வாரம் கையில் இருக்கும்.