'ஆறுதலாகக் கதையுங்கோ': வன்னித் தமிழில் ஒரு வேண்டுகோளும் அதன் சமூக அடிப்படையும்

மொழிவழக்கிற் சிறியனவாகத் தோன்றுவன சில, சமூக உறவுகளைத் துலக்குவதிற் பெரும்பயன் தருவதுண்டு. விரைந்து பேசுபவரைச் சற்றே வேகம் குறைக்குமாறு பணிவுடன் கேட்பது அத்தகையதொன்று. அவ்வாறு கேட்பவர், எவ்வளவு பணிந்து கேட்பினும், மற்றவர்மீது ஓர் ஏவலையே செலுத்துகின்றார். யார் யாரை ஏவலாம் என்பதோ இலக்கணத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. வன்னிப் பெருநிலத்தில் வழங்கும் தமிழை ஆதாரமாகக் கொண்டு இதனை ஈண்டு நோக்குவோம்.

முதலிற் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஆறு' என்னும் வினையடி வெப்பமும் சினமும் துயரும் தணிதலைக் குறிப்பது. அதனடியாகப் பிறந்த 'ஆறுதலாக' என்பது ஈழத்து வழக்கில் 'அவசரமின்றி' என்ற பொருளையும் பெற்றுள்ளது. 'மெதுவாக', 'மெல்ல' என்பன வேகத்தையும் குரலின் அளவையும் ஒருங்கே சுட்டவல்லன. 'மெல்லக் கதையுங்கோ' என்பது குரலைத் தாழ்த்துமாறு கேட்பதாகவும் கொள்ளப்படலாம். 'ஆறுதலாக' அந்த ஐயத்துக்கு இடந்தருவதில்லை. ஏ-9 வீதியில் விரையும் பேருந்தின் சாரதியிடம் முதியவர் ஒருவர் 'தம்பி, கொஞ்சம் ஆறுதலா ஓடுங்கோ' எனும்போதும் இச்சொல்லே பயன்படுகின்றது. 'தம்பி' என்ற விளி வயதின் உரிமையை நிலைநாட்ட, 'ஓடுங்கோ' என்ற விகுதி சாரதிக்குரிய மதிப்பை வழங்குகின்றது. உரிமையும் மதிப்பும் ஒரே வாக்கியத்தில் இணங்கி நிற்பது மனங்கொளத்தக்கது.

எனினும் வன்னித் தமிழ் ஒருபடித்தானதன்று. பழங்குடிகளோடு, இரணைமடுக் குளத்தின் கீழமைந்த குடியேற்றங்களுக்கும், 1960களில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் தொடங்கிய படித்த வாலிபர் திட்டங்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் உளர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியமர்ந்த மலையகத் தமிழரும் உளர். மலையகத்தவர் 'மெதுவாப் பேசுங்க' என்பர். ஆனால் வடபுலத்து வழக்கில் 'பேசுதல்' ஏசுதலையும் குறிக்கும். உரையாடுதல் 'கதைத்தல்' ஆகும். இவ்வேறுபாடு வெறும் சொல்வேறுபாடாக நின்றுவிடவில்லை. மலையகத்திலிருந்து வந்தோரிற் பலர் நிலமற்ற கூலியாளராகப் பிறர் வயல்களில் உழைக்க நேர்ந்தமையால், கூலி கொடுப்பவனின் வழக்கே செவ்விய வழக்காகவும் கூலி பெறுபவனின் வழக்கு நகைப்புக்குரியதாகவும் கருதப்படலாயிற்று.

ஏவல் வினையின் படிநிலைகளும் இதனையே உணர்த்துகின்றன. 'கதை', 'கதையும்', 'கதையுங்கோ' என்பன முறையே 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றுக்குரியன. யாழ்ப்பாணத் தமிழிற் சமூக வேறுபாடுகள் பிரதிபலிக்கும் முறையைப் பேராசிரியர் சுசீந்திரராசா ஆராய்ந்துள்ளார். ஒடுக்கப்பட்ட சாதியினர் நிலவுடைமையாளரை 'நயினார்' என விளிக்க, வயதில் மூத்தோராயினும் அவர்கள் 'நீ' என்றே விளிக்கப்பட்ட சமூகத்தில், இவ்விகுதிகள் பண்பாட்டின் அணிகலன்களாக மட்டும் இருந்திருக்கவியலாது. அவை உற்பத்தியுறவுகளின் மொழிவடிவங்களுமாகும்.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. துருக்கி மொழியை ஒப்புநோக்கலாம். தமிழைப் போன்றே அதுவும் விகுதிகளை ஒட்டிச்செல்லும் மொழி. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் திராவிட மொழிகளுக்கு உறவு தேடிய 'சித்திய' இனத்துள் துருக்கியும் அடங்கும். அவ்வுறவு இன்று ஏற்கப்படுவதில்லையாயினும், அமைப்பு ஒப்புமை பயன் தருவதே. 'பேசு' என்பதற்கு அங்கு 'கொனுஷ்', 'கொனுஷுன்', 'கொனுஷுனுஸ்' என மூன்று ஏவல் வடிவங்கள் உள. முதலாவது நெருங்கியோருக்குரியது; பின்னிரண்டும் பன்மைக்கும் மரியாதைக்கும் உரியன; அவற்றுள்ளும் இறுதியானது முறைமை மிக்கது. 'மெதுவாக' என்பதைப் போன்றே 'யவாஷ்' என்பதும் வேகத்தையும் குரலளவையும் சுட்டும். பணிவாகக் கேட்பவர் ஏவலைக் கைவிட்டு, 'பிராஸ் தஹா யவாஷ் கொனுஷுர் முசுனுஸ்', அதாவது 'இன்னும் சற்று மெதுவாகப் பேசுவீர்களா' என வினாவாக்குவர். சிங்களத்தில் 'டிக்கக் ஹெமின் கதா கரன்ன' என்பர். 'கொஞ்சம்', 'பிராஸ்', 'டிக்கக்' ஆகிய மூன்றும் கேட்கப்படுவதைச் சிறிதாக்கிக் காட்டும் ஒரே பணியைச் செய்கின்றன.

ஆயின் வன்னியின் சாதாரண மக்கள் அரச அலுவலகத்திற் கையாளும் உத்தி வேறொன்று. 'ஐயா, எனக்கு வடிவா விளங்கேல்லை, ஒருக்கால் ஆறுதலாச் சொல்லுங்கோ' என்பதே அது. விரைந்து பேசியவர் அலுவலர். குறையை ஏற்பவரோ விவசாயி. பேசுபவரின் வேகம் கேட்பவரின் அறியாமையாக உருமாற்றப்படுகின்றது. பணிவு எனப் போற்றப்படுவதன் உள்ளீடு இங்கு அதிகாரமே என்பது வெளிப்படை.

இதன் விளைவு எளிதானதன்று. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாவது திருத்தம் வட, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழியாகத் தமிழை உறுதிசெய்தது. ஆயினும் 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்ட இலட்சக்கணக்கானோர் தம் மொழி அறியாத படையினரின் காவலிலேயே வாழ நேர்ந்தது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தபோது, காணாமற்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் கூறியவை ஆணையாளர் பலருக்கு மொழிபெயர்ப்பு வழியாகவே எட்டின. இத்தகைய இடங்களிற் கேளாமல் விடப்படும் 'ஆறுதலாச் சொல்லுங்கோ' ஒவ்வொன்றும் விளங்காமலே இடப்படும் ஒரு கையொப்பமாகவோ பதிவாகாமற் போகும் ஒரு பெயராகவோ முடியக்கூடும்.

எனவே, மெதுவாகப் பேசுமாறு கேட்பதை நாகரிகத்தின் பாற்பட்டதாக மட்டும் கருதுவது போதாது. விளங்கிக்கொள்ளும் உரிமையின் மிகச் சிறிய, ஆனால் முதலாவதான வடிவம் அது. 'எனக்கு விளங்கேல்லை' என்ற முன்னுரையின்றி, கூலியாளனும் அலுவலரை நோக்கி 'ஆறுதலாகக் கதையுங்கோ' எனத் தயக்கமின்றிக் கேட்கும் நிலை தோன்றும்போதே 'கதையுங்கோ' என்ற விகுதி உண்மையான மரியாதையைக் குறிப்பதாகும். அம்மாற்றத்தை இலக்கணநூல்கள் விதித்தல் இயலாது. நிலத்திலும் நிருவாகத்திலும் நிகழும் மாற்றங்களே அதனை இயல்விக்கும்.