தூங்க விடாத மாதம்

டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்தால், அதைத் தெரிந்துகொள்ளப் புதுவையை அடுத்த தவளக்குப்பம் பக்கத்து ஊர்களில் யாரும் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. விடியலுக்கு வெகு முன்பே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கிளம்பிவிடும். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது. இந்த மாதத்து விழாக்கள் எல்லாம் கூடிப் பேசி மனிதனின் தூக்கத்துக்குக் குறிவைத்தது போலத்தான் இருக்கிறது.

எழுப்பிவிடுவது எளிது. எழுந்தவர்கள் மறுபடி படுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் வேடிக்கை தேவைப்படுகிறது. எதிர்வீட்டுக் கோலத்தைவிட ஒரு வரிசை புள்ளியாவது கூடுதலாக வைத்துவிட வேண்டும் என்ற வீம்பில் பாதித் தூக்கம் போய்விடும். கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார், அவர் தலையில் பூசணிப்பூ. கல்யாண வயதில் இந்த வீட்டில் பெண் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு அது என்றொரு கதை உண்டு. இன்றைக்குப் பூசணிப்பூ கிடைப்பதே பெரிய காரியம். சிறுவர்களுக்குக் கதையெல்லாம் வேண்டாம். பெருமாள் கோயிலில் தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் கிடைக்கும் என்றால் போதும்.

விசித்திரம் என்னவென்றால், அதே டிசம்பர் 16-ல் பிலிப்பைன்ஸ்காரர்களும் இருட்டோடு எழுந்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸை ஒட்டி 24 வரை ஒன்பது நாள் விடியல் பூசை. முடிந்ததும் தேவாலய வாசலில் சூடான அரிசிமாவுப் பலகாரம். வெனிசுவேலாவின் காரகாஸ் நகரத்தார் இன்னும் ஒருபடி மேலே: ஒரு காலத்தில் ஸ்கேட்டிங் சக்கரம் கட்டிக்கொண்டு அதிகாலைப் பூசைக்குப் போவார்கள். பிள்ளைகள் கால் பெருவிரலில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்குவார்களாம். சறுக்கிக்கொண்டு போகிறவர்கள் அதை இழுத்து எழுப்பிவிடுவார்களாம். நம் ஊர் ஒலிபெருக்கி எவ்வளவோ பரவாயில்லை.

வைகுண்ட ஏகாதசியில் விடியல் போதாது, இரவு முழுக்க விழிக்க வேண்டும். இந்த ஏகாதசிக்கே ஒரு குறும்பு உண்டு. 2023-ல் ஜனவரி 2, டிசம்பர் 23 என இரண்டு முறை வந்தது. 2024-ல் ஒருமுறைகூட வரவில்லை. 2025-ல் மறுபடி இரண்டு: ஜனவரி 10, டிசம்பர் 30. கண்விழிக்கப் போகலாம் என்றால், தவளக்குப்பத்துக்குப் பக்கத்திலுள்ள சிங்கிரிகுடியில் பதினாறு கை நரசிம்மர் இருக்கிறார். ஆனால் இரவெல்லாம் கோயிலில் நிற்க முடியுமா? வீட்டில் பரமபதப் படத்தை விரித்துத் தாயக்கட்டையை உருட்டுவார்கள். புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு. விடியற்காலை மூன்று மணிக்குப் பரமபதத்துக்குச் சற்று முன்னால் பெரிய பாம்பு விழுங்கிவிட்டால், அதன்பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? இதே வகை இந்திய ஆட்டம்தான் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து போய், பாவபுண்ணியக் கணக்கு மெல்லமெல்லக் கழன்று, குழந்தைகள் விளையாட்டாக மிஞ்சியது. ஆட்டம் பிடிக்காதவர்களுக்கு அந்தக் காலத்துக் கொட்டகைகள் இரவு முழுக்கப் படம் ஓட்டின. பக்தியில் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்டதில்லை.

புதுவையில் கிறிஸ்துமஸ் பரபரப்பு டிசம்பர் 8-லேயே தொடங்கிவிடும். அன்று மிஷன் வீதி சம்பா கோயிலில் அமலோற்பவ மாதா திருநாள். பிறகு வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரமும் குடிலும். 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் நிஜ மாடும் கழுதையும் நிறுத்தி அமைத்த குடிலின் வாரிசுகள் இவை. 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை. தூங்கி வழியும் பிள்ளைகளுக்கு, அது முடிந்து வீடு திரும்பினால் கேக் உண்டு என்பதே பிடிமானம்.

கடைசியாக 31. புதுவைக் கடற்கரைச் சாலையில் புத்தாண்டு பார்க்க வெளியூர்க் கூட்டம் குவியும். அன்றைய கண்விழிப்புக்குக் கதையும் தேவையில்லை, பிரசாதமும் தேவையில்லை. ஆனாலும் ஜனவரி 1 காலையில் மணக்குள விநாயகர் கோயில் வரிசையைப் பார்க்க வேண்டும்: மார்கழிக் குளியல் முடித்து ஈரத்தலையோடு வந்த பாட்டிகளும், முந்தைய நாளிலிருந்து படுக்கவே போகாத இளைஞர்களும் ஒரே வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள்.