டீ குடிக்க நிறுத்தினோம், டீ குடிப்பதை நிறுத்தினோம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மகள் வந்து செல்போனை நீட்டினாள். "சித்தப்பா, இதுல என்ன தப்பு?"

ஆபீஸ் மெயில். வாராவாரம் ஒரு ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தாள். இனி தேவையில்லை என்று யாரோ சொன்னதால் நிறுத்திவிட்டாள். அதை மேனேஜருக்கு ஒரே வரியில் எழுதியிருந்தாள்: ‘ஐ ஸ்டாப்ட் டு சென்ட் த ரிப்போர்ட்.’ அவரோ, ரிப்போர்ட் இன்னும் வந்து சேரவில்லையே, எங்கே என்று கேட்டிருந்தார்.

"இலக்கணம் சரியாத்தான் இருக்கு. ஆனா ரிப்போர்ட் அனுப்பறதுக்காக மத்த வேலையை எல்லாம் நிறுத்தினேன்னு எழுதியிருக்கே. அவர் கேட்டதுல தப்பே இல்லை" என்றேன். டீத்தூளைப் போட்டுவிட்டு உட்கார வைத்தேன். இது ஒரு டம்ளர் டீயில் முடிகிற விஷயம் இல்லை.

ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகிறோம். விக்கிரவாண்டி பக்கம் டிரைவர் வண்டியை ஓரங்கட்டுகிறார். வீட்டுக்குப் போன் பண்ணி என்ன சொல்வோம்? "டீ குடிக்க நிறுத்தியிருக்காங்க." டாக்டர் சர்க்கரை கூடியிருக்கிறது என்று மிரட்டிய பிறகு என் அண்ணன் என்ன சொன்னார்? "டீ குடிக்கறதை நிறுத்திட்டேன்." இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிற தமிழன் எங்கேயும் கிடையாது. முதலாவது இங்கிலீஷில் ‘ஸ்டாப்ட் டு டிரிங்க்’. இரண்டாவது ‘ஸ்டாப்ட் டிரிங்கிங்’. அவள் எழுதியிருக்க வேண்டியது ‘ஸ்டாப்ட் சென்டிங்’.

இங்கிலீஷ்காரன் இன்ஃபினிட்டிவ் என்று பெயர் வைத்திருப்பதற்கு நம்மிடம் ‘செய’ என்னும் எச்சம் இருக்கிறது. தொல்காப்பியர் வினையியலில் சொல்லும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளில் அதுவும் ஒன்று. குடிக்க, அனுப்ப, பூட்ட. அந்த ‘டு’ பழைய இங்கிலீஷில் திசை காட்டிய சொல். நாம் ‘மதுரைக்கு’ என்பதில் சேர்க்கும் அதே ‘கு’வைத்தான் ‘குடிப்பதற்கு’ என்பதிலும் சேர்க்கிறோம், யோசித்துப் பாருங்கள். அதனால் ‘டு’ பெரும்பாலும் முன்னால் இருக்கிற வேலையைப் பார்க்கிறது. ‘இங்’ நடந்துகொண்டிருப்பதை, நடந்து முடிந்ததைப் பார்க்கிறது.

"ரிமெம்பர்னு ஒண்ணு வருமே, அது எப்பவும் தப்பாப் போயிடும்" என்றாள்.

அது எனக்கு அனுபவ பாடம். எழும்பூர் ஸ்டேஷன் வரை போய்விட்டு, வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில் ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தவன் நான். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூட்ட ஞாபகம் வைத்திருந்தேன், பூட்டினது ஞாபகம் இல்லை. அதாவது ‘ரிமெம்பர்ட் டு லாக்’, ஆனால் ‘டிட் நாட் ரிமெம்பர் லாக்கிங்’. பேங்க்காரர்கள் எழுதும் ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’வும் இந்த ஜாதிதான். இனிமேல்தான் கெட்ட செய்தியைச் சொல்லப்போகிறார்கள். சொல்லித் தொலைத்துவிட்டு, ஏன் சொன்னோம் என்று நொந்துகொண்டால் ‘ரிக்ரெட் டெல்லிங்’.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ட்ரை’. இங்கிலீஷ் வகுப்புகளில் இதற்குப் பத்து நிமிஷம் செலவழிப்பார்கள். நமக்குப் பத்து விநாடி போதும். மழையில் ஊறி இறுகிப்போன ஜன்னல். "திறக்கப் பார்த்தேன், முடியலை." அது ‘ட்ரைட் டு ஓப்பன்’. அறையில் ஒரே புழுக்கம். "ஜன்னலைத் திறந்து பாரேன், காத்து வரும்." அது ‘ட்ரை ஓப்பனிங்’. திறக்கப் பார்ப்பதில் திறப்பதே சவால். திறந்து பார்ப்பதில் திறப்பது சுலபம், பலன் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பாட்டி காலத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை.

எல்லா இடத்திலும் இந்தச் சாவி சேராது. ‘வான்ட்’, ‘டிஸைட்’, ‘ரெஃப்யூஸ்’ எல்லாம் ‘டு’தான் கேட்கும். ‘எஞ்சாய்’, ‘ஃபினிஷ்’, ‘அவாய்ட்’ மூன்றும் ‘இங்’ தவிர வேறெதையும் தொடாது. காரணம் தேடுவதைவிட மனப்பாடம் மேல். இன்னொன்றில் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’. அங்கே இருக்கும் ‘டு’ வெறும் ‘கு’. உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன் என்று அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள், ‘டு யுவர் லெட்டர்’ என்று பொருந்திவிடும். பொருந்தினால் ‘மீட்டிங்’ என்றே எழுத வேண்டும்.

அதற்குள் டீ வந்தது. மெயிலின் அடுத்த வரியைக் காட்டினாள்: ‘நவ் ஐ ஆம் சென்டிங் மன்த்லி ரிப்போர்ட் ஒன்லி.’ மாசக் கணக்குதான் அனுப்புகிறேன் என்கிறாள். இங்கே நம் ‘தான்’ எட்டிப் பார்க்கிறது. நேத்துதான் வந்தேன், அவன்தான் எடுத்தான் என்று நாம் எந்தச் சொல்லை அழுத்துகிறோமோ அதன் முதுகில் ‘தான்’ ஏறிக்கொள்ளும். அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ‘யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’ என்கிறோம். நம் ஊருக்குள் எல்லாருக்கும் புரியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி. லண்டன்காரன் ‘ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே’ என்று வினைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, எது முக்கியமோ அதைக் குரலில் அழுத்துவான். எழுத்தில் குரல் இல்லையே, அதனால் ‘ஒன்லி’யைச் சம்பந்தப்பட்ட சொல்லுக்கு முன்னால் ஒட்டி வைப்பது நல்லது: ‘ஒன்லி த மன்த்லி ரிப்போர்ட்.’

வினையடைக்கு இங்கிலீஷில் இடம்தான் எல்லாம். ‘நன்றாகத் தமிழ் பேசுவாள்’, ‘தமிழ் நன்றாகப் பேசுவாள்’ இரண்டும் நமக்கு ஒன்று. இங்கிலீஷில் ‘ஸ்பீக்ஸ் தமிழ் வெல்’ மட்டுமே. ‘ஸ்பீக்ஸ் வெல் தமிழ்’ என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் போய் உட்கார முடியாது. ‘ஆல்வேஸ்’ வினைக்கு முன்னால் வரும், ‘இஸ்’, ‘ஆம்’ இருந்தால் அதற்குப் பின்னால். ‘ஹார்ட்’ என்றால் கடுமையாக. ‘ஹார்ட்லி’ என்றால் வேலையே செய்யாத ஆள். சிபாரிசுக் கடிதத்தில் மாற்றி எழுதிவிடக்கூடாது.

‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் வினையடை வரலாமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. 1864இல் கேன்டர்பரி பேராலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு, கூடாது என்றார். 1926இல் ஃபௌலர் தன் அகராதியில், தேவைப்பட்டால் பிரித்தால்தான் என்ன என்று தளர்த்தினார். ஆனால் பயம் போகவில்லை. 2009 ஜனவரி 20 அன்று ஒபாமாவுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், வினைக்கு முன்னால் வர வேண்டிய ‘ஃபெய்த்ஃபுலி’யைக் கொண்டுபோய் வாக்கியத்தின் கடைசியில் வைத்துவிட்டார். ஒபாமா ஒரு கணம் தயங்கினார். மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை பிரமாணம் நடந்தது. வினைத்தொடரைப் பிரிக்கக் கூடாதென்ற பழைய பள்ளிக்கூட பயம்தான் நாக்கைப் புரட்டியது என்பது மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கரின் ஊகம். அங்கே ‘டு’வே கிடையாது, ‘வில்’தான். ஆனாலும் பயம் தொற்றிக்கொள்ளுமாம்.

அவள் மெயிலைத் திருத்தி அனுப்பிவிட்டுக் காலி டம்ளரோடு எழுந்தாள். "சித்தப்பா, இன்னொரு டீ போடட்டுமா?"

"போட்டுப் பாரேன்."

அடுக்களையிலிருந்து பால் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். "போடப் பாக்கறேன்னு சொல்லுங்க. சொட்டுப் பால் இல்லை."