கோடையில் குதிரைகளுக்கு ஈக்களினின்று காப்பு அவசியமா?

கோடை காலத்தில் குதிரைகளை ஈக்கள் மொய்ப்பது யாவரும் அறிந்த விஷயம். ஆயினும், அதைத் தடுப்பதற்கென்று விசேஷ ஏற்பாடு வேண்டுமா என்பதில் குதிரை வைத்திருப்போரிடையே இருவித அபிப்பிராயங்கள் உள்ளன. வாலும் பிடரி மயிரும் இருக்க வேறு விசிறி எதற்கு என்பார் ஒரு சாரார். ஈயைக் கண்டவுடனே கையில் அகப்பட்ட எண்ணெயையும் மருந்தையும் பூசிவிடுவார் மற்றொரு சாரார். முன்னதில் அசட்டையும் பின்னதில் அவசரமும் மிகுந்துள்ளன. எந்த ஈ, எந்தக் காலத்தில், என்ன தீங்கு செய்கிறது என்பதை அறிந்தாலன்றிச் சரியான காப்பைத் தெரிந்தெடுக்க முடியாது.

புதுச்சேரி நகரின் வடபால் உள்ள கருவடிக்குப்பம் போன்ற இடங்களில் இக்கேள்வி முக்கியமானது. கழனி சூழ்ந்த ஊர்களில் சாணமும் லத்தியும் வயலுக்கு எருவாகப் போய்விடுகின்றன. நகரத்தை ஒட்டிய இடங்களிலோ அவை கொட்டிலின் பின்புறத்திலேயே குவிகின்றன. குதிரையும் கறவை மாடும் மனிதரும் நெருங்கி வசிப்பதால், ஓரிடத்தில் பிறக்கும் ஈ அனைவருக்கும் பொதுச் சொத்தாகிவிடுகிறது.

ஈக்களின் வகைகள்

குதிரையை நாடி வரும் ஈக்கள் எல்லாம் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. முதலாவது, சாதாரண வீட்டு ஈ. இது கடிக்காது, கண்ணீரையும் புண்ணின் கசிவையும் உறிஞ்சும். கடிக்காததால் தீங்கற்றது என்று எண்ணலாகாது. குதிரையின் வயிற்றில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளை லத்தியிலிருந்து சுமந்து வந்து, புண்களிலும் கடைக்கண்ணிலும் உதட்டிலும் இது விட்டுவிடுகிறது. கோடையில் பெருகி, குளிர் காலத்தில் அடங்கி, மறு கோடையில் மீண்டும் தோன்றும் ஆறாத புண்களுக்கு இதுவே காரணம். ஆகையால் சேணம் உராய்ந்த சிறு காயத்தையும் ஈ அண்டாதபடி மூடி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, கொட்டில் ஈ. உருவத்தில் வீட்டு ஈயை ஒத்திருப்பினும், முன்னோக்கி நீண்ட ஊசி போன்ற வாயினால் இதை அடையாளம் காணலாம். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் கால்களையே கடிப்பதால், குதிரை ஓயாமல் குளம்பைத் தரையில் மோதிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, குதிரை ஈ என்றும் மாட்டு ஈ என்றும் சொல்லப்படும் பெரிய ஈ. இதில் பெண் மட்டுமே இரத்தம் குடிக்கும். தோலைக் கத்தியால் கீறினாற்போல் அறுத்து, வழியும் இரத்தத்தை நக்குவது இதன் வழக்கம். கடி மிகவும் வலிப்பதால் குதிரை உடனே துரத்திவிடும். அரை வயிறு குடித்த ஈ பக்கத்திலுள்ள பிராணியின் மேல் போய் உட்காரும். இதிலேயே பெரும் அபாயம் அடங்கியுள்ளது.

இவற்றையன்றி, ஆடுகளில் நீலநாக்கு நோயைப் பரப்பும் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பூச்சிகளும் உண்டு. இவை அந்தி வேளையிலும் விடியற்காலையிலும் கடித்து, பிடரியிலும் வாலின் அடியிலும் தினவை உண்டாக்கும். ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புவனவும் இவ்வினத்துப் பூச்சிகளே. 1959 முதல் 1961 வரை மேற்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் அந்நோய் பரவியபோது மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் மாண்டன.

சர்ரா நோய்

பெரிய ஈக்களால் நம் நாட்டில் பரவும் நோய்களுள் தலையாயது சர்ரா. 1880ஆம் ஆண்டில், அக்காலத்துப் பஞ்சாபைச் சேர்ந்த டேரா இஸ்மாயில் கானில், கிரிஃபித் எவான்ஸ் என்ற இராணுவ மிருக வைத்தியர் நோயுற்ற குதிரைகளின் இரத்தத்தில் நெளிந்து நீந்தும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அதுவே நோயின் காரணம் என்று அவர் கூறியதை மேலதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை. பின்னர் அவர் கூற்றே மெய்யென்று நிலைபெற்று, அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரே இடப்பட்டது.

இந்நுண்ணுயிர் ஈயின் உடலில் வளர்வதில்லை. ஈயின் வாயில் ஒட்டிய இரத்தத்தில் சிறிது நேரமே உயிரோடிருக்கும். ஆகவே ஒரு பிராணியைக் கடித்த ஈ, சில நிமிஷங்களுக்குள் அடுத்ததைக் கடித்தால்தான் நோய் எளிதில் தொற்றும். பிராணிகளை நெருக்கமாகக் கட்டுவதால் நேரும் கேடு இதனால் விளங்கும். மாடும் எருமையும் இந்நோயைப் பெரும்பாலும் குறி ஏதும் காட்டாமலே சுமந்து திரியும். குதிரையிலோ விட்டுவிட்டு வரும் ஜுரம், இரத்தச் சோகை, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், தீனி தின்றும் தேறாத மெலிவு, பின்புறத் தள்ளாட்டம் ஆகியன தோன்றும். சிகிச்சை செய்யாவிடில் குதிரை பெரும்பாலும் மாண்டுபோகும். இதற்குத் தடுப்பூசி இல்லை. குணப்படுத்தும் மருந்து உண்டு. ஆனால் அதை ஆரம்பத்திலேயே மிருக வைத்தியரைக் கொண்டு செலுத்த வேண்டும். ஜுரம் இருக்கும்போது எடுத்த இரத்தத்தைச் சோதித்தால் கிருமி எளிதில் அகப்படும்.

கோடையோடு முடிவதில்லை

சித்திரை, வைகாசி மாதங்களின் வறண்ட வெயிலில் அதிகமாகத் தோன்றுவன வீட்டு ஈயும் கொட்டில் ஈயுமே. பெரிய ஈ, நீரோரப் புல்லிலும் இலையிலும் முட்டையிடுகிறது. அதன் புழு சேற்றில் வளர்கிறது. ஆதலால் அது மழைக்குப் பின்னரே பெருகும். சர்ராவும் மழைக் காலத்திலும் அதை அடுத்தும் மிகுதியாகக் காணப்படும். கோடையில் மட்டும் காப்புச் செய்து, மழை தொடங்கியதும் அதைக் கைவிடுகிறவர், அபாயம் வரும் வேளையில் காவலை எடுத்துவிடுகிறவர் ஆவார்.

பிறப்பிடத்தை ஒழித்தல்

நாட்டுக் குதிரை ஒன்று நாளொன்றுக்கு 10 கிலோவுக்குக் குறையாமல் லத்தி போடும். வீட்டு ஈ ஒரு தடவைக்கு 100 முதல் 150 முட்டைகள் வரை அதில் இடும். கோடை உஷ்ணத்தில் அவை ஒரு நாளுக்குள் பொரித்து, பத்து நாட்களுக்குள் ஈக்களாகப் பறந்துவிடும். கொட்டில் ஈ, மூத்திரத்தில் ஊறிய வைக்கோலிலும் மீந்த தீனியிலும் ஏறக்குறைய மூன்று வாரங்களில் வளரும். ஆகவே லத்தியையும் ஈர வைக்கோலையும் தினந்தோறும் இரு வேளையும் அகற்றி, கொட்டிலுக்குத் தூரத்திலுள்ள எருக்குழியில் இட்டு மண்ணால் மூடுக. குழியின் உட்புறம் நன்றாகச் சூடேறும். அச்சூட்டில் புழு பிழைக்காது. ஓரங்களில் குளிர்ந்திருப்பதை வாரந்தோறும் கிளறி உள்ளே தள்ளினால் மீந்த புழுக்களும் மடியும். நல்ல வெயிலில் லத்தியை மெல்லிதாகப் பரப்பி உலர்த்துவதும் பயன் தரும். மழை நாளில் இம்முறை உதவாது.

பிறப்பிடத்தை ஒழிப்பதே மேலான வழி என்பது புதுச்சேரிக்குப் புதிய பாடமன்று. பூச்சிகளால் பரவும் நோய்களை ஆராயும் நிலையம் 1975இல் இந்நகரில் ஏற்பட்டது. 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோய்க் கொசுவை அடக்க அது நடத்திய திட்டத்தில், கொசு பிறக்கும் நீர்த்தேக்கங்களை ஒழிப்பது முக்கிய அங்கமாக இருந்தது.

குதிரைக்குச் செய்யத்தக்கவை

பெரிய ஈ இருண்ட இடத்தில் நுழைய விரும்பாது. ஆகையால் பகலில் வெயில் மிகும் நேரத்தில் குதிரையை நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டிலில் கட்டுக. அந்தியில் சிறு பூச்சிகளுக்கு நெருங்கிய கண்ணுள்ள வலையைத் தொங்கவிடுக. கண்களுக்கு நூல் குஞ்சங்கள் கோத்த நெற்றிப் பட்டை கட்டலாம். வாலைக் கத்தரிப்பது பெருந்தவறு. வேப்பிலைப் புகை சிறிது நேரம் ஈயை விலக்கும். மூடிய அறையில் மூட்டினால் சுவாசத்தைக் கெடுக்கும். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயோடு கலந்து தடவலாம். வியர்வையில் அதன் குணம் விரைவில் நீங்கும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். மாட்டின் உண்ணிக்காக விற்கப்படும் அமிட்ராஸ் என்னும் மருந்தைக் குதிரைக்கு எவ்வாற்றானும் உபயோகிக்கலாகாது. அது குடலின் இயக்கத்தை நிறுத்தி, வயிற்று வலியால் உயிருக்கே அபாயம் விளைவிக்கும். மண்ணெண்ணெய் பூசுவதும் தோலைப் புண்ணாக்கும். குதிரைக்கு ஏற்றதென்று மிருக வைத்தியர் சொல்லும் மருந்தையே வாங்குக.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் பல இடங்களினின்றும் குதிரைகள் வருகின்றன. இத்தகைய சந்தைகளில் வாங்கிய குதிரையை உடனே மற்றவற்றோடு கட்டாமல், ஒரு மாதம் தனியே வைத்து இரத்தச் சோதனை செய்வித்தல் நலம். ஜுரமுள்ள குதிரையை மற்றப் பிராணிகளுக்கு 200 கஜத்துக்குக் குறையாத தூரத்தில் கட்டினால், ஈ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அரிதாகும்.

பிராணிகளின் தொற்று நோய்களைப் பற்றிய 2009ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, அட்டவணையில் கண்ட நோய் இருப்பதாகச் சந்தேகிக்கும் சொந்தக்காரர் அதைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். செய்தியை அருகிலுள்ள மிருக வைத்தியருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது அவர்கள் பொறுப்பாகும். ஒரு குதிரைக்காரரின் பிழைப்பு பெரும்பாலும் ஒரே குதிரையை நம்பியிருப்பதால், அறிவிப்பில் ஒரு வாரம் தாமதிப்பதும் அவர் குடும்பத்துக்கு நஷ்டம். ஈ அதற்குள் அண்டை வீட்டுக் கொட்டிலுக்கும் போய்விடும்.

எனவே, குதிரைக்கு ஈயினின்று காப்பு அவசியமே. அக்காப்பு எருக்குழியில் தொடங்கிக் கொட்டிலுக்கு வந்து, அதன் பிறகே குதிரையின் தோலை அடைய வேண்டும். கோடையில் ஆரம்பித்து, மழை ஓய்ந்து சேறு உலரும் வரையில் நீடிக்கவும் வேண்டும்.