ஊரும் கோயிலும்: நெல்லைச் சிற்றூர்த் திருச்சபைகளும் தோ பாயோத் தமிழ்க் கிறித்தவரும்

முன்னுரை

தோ பாயோவில் உயிர்த்த கிறிஸ்து ஆலயம் 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தானே முழுமையாகத் திட்டமிட்டு எழுப்பிய முதல் துணைநகரின் கத்தோலிக்கப் பங்குக் கோயில் அது. ஒரு பங்கின் எல்லை வாழிடத்தைக் கொண்டு வகுக்கப்படுவது. இனத்தையோ மொழியையோ கொண்டு வகுக்கப்படுவதன்று. ஆயினும் இந்நகரின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்துகொண்டு தமிழ் வழிபாட்டை நாடுவோர், ஆஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கோ ஷார்ட் ஸ்திரீட்டிலுள்ள தமிழ் மெதடிஸ்ட் திருச்சபைக்கோ செல்வதுண்டு. அவர்களுக்கு வாழுமிடம் ஒன்று, வழிபடுமிடம் வேறொன்று.

தமிழகச் சிற்றூர்களில் இவ்விரண்டும் பிரியாதிருந்தன. அப்பிணைப்பு எவ்வாறு உருவாயிற்று, அது மக்களுக்குத் தந்தது யாது, மறுத்தது யாது, கடல் கடந்தபின் எஞ்சியது யாது ஆகிய வினாக்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். திருச்சபை வரலாறு செறிந்த தென் திருநெல்வேலி வட்டாரத்தைச் சான்றாகக் கொள்கிறோம்.

1. கோயிலை நடுவாகக் கொண்ட ஊர்

பொதுவாக ஊர் முன்னும் கோயில் பின்னும் தோன்றும். நெல்லைச் சீமையின் கிறித்தவக் குடியிருப்புகள் சிலவற்றில் இம்முறை மாறியது. சமயம் மாறியதால் சொந்த ஊரில் இன்னலுற்றோர் குடியேறுவதற்கென 1799இல் நிலம் வாங்கி உருவாக்கப்பட்டது முதலூர். அவ்வகையில் அதுவே முதலாவது என்பதைப் பெயரே உணர்த்துகிறது. நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் முதலிய ஊர்ப்பெயர்களும் திருச்சபையோடு பிறந்தவையே.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லை நாம் மொழிநூலறிஞராகவே பெரிதும் அறிவோம். இடையன்குடி மக்களுக்கோ அவர் ஊரை அமைத்தவர். 1841இல் அங்குச் சென்ற அவர், தெருக்களை நேராக வகுத்தார், கிணறுகள் வெட்டுவித்தார், மரங்கள் நடுவித்தார். 1847இல் அடிக்கல் இடப்பட்ட தூய திரித்துவ ஆலயம் 33 ஆண்டுகளுக்குப்பின் 1880இல் நிறைவுற்றது. அவருடைய துணைவியார் எலைசா, பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலை கற்பித்தார். பனையேற்றத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் பெண்களின் கைக்கு அது தனி வருவாயைத் தந்தது. 1891இல் மறைந்த கால்டுவெல்லின் உடல் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

2. சிற்றூர்க் கோயிலின் பணிகள்

இவ்வட்டாரக் கிறித்தவர் தம் ஆலயத்தைக் ‘கோயில்’ என்றே வழங்குவர். மணியடித்து விளக்கேற்றுபவர் கோயில்பிள்ளை. குருவானவர் வராத நாளில் வழிபாடு நடத்துபவர் உபதேசியார். தொடக்க காலத்தில் அவரே பள்ளி ஆசிரியராகவும் இருப்பதுண்டு. வார நாளில் பள்ளியாக இருந்த கூரைக்கட்டடமே ஞாயிறன்று கோயிலாகும். கல்வி, கோயிலின் துணைப்பணியாக அன்றி அதனோடு ஒட்டிப் பிறந்ததாக இருந்தது.

திருமணத்துக்குமுன் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிக்கப்படும். தடை அறிந்தோர் தெரிவிக்கலாம் என்ற அவ்வறிவிப்பு, இரு வீட்டார் செய்த முடிவை ஊரறிந்த ஒன்றாக மாற்றியது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் பதிவேடுகள் இருந்தமையால், வேறெந்த ஆவணத்திலும் இடம்பெறாத எளிய மக்களின் பெயர்களும் எழுத்தில் நின்றன.

பொருளாதாரமும் கோயிலைச் சார்ந்து இயங்கியது. அன்றாடம் உலையிடும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கம். பணப்புழக்கம் இல்லாத வீட்டுப் பெண்ணும் இதனால் திருச்சபையைத் தாங்குபவள் ஆனாள். அறுப்பின் பண்டிகையில் படைக்கப்படும் வாழைத்தார், கோழி, கருப்பட்டி முதலியன ஏலத்தில் விடப்படும். ஒரு கோழியைச் சந்தை விலையினும் பன்மடங்கு கொடுத்து எடுப்பது இழப்பாகக் கருதப்படாது. அது கொடை, கூடவே ஊரார்முன் பெறும் மதிப்புமாகும்.

இவை அனைத்தினும் சிறப்புடையது அசனம். உணவு எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்த இச்சொல், ஊரார் அனைவரும் கூடி உண்ணும் கோயில் விருந்தைக் குறிக்கும். அரிசியும் காய்கறியும் பல வீடுகளிலிருந்து வரும், உலை ஒன்று. யாரோடு யார் உண்பர் என்பதே சமூகப் படிநிலையை வரையறுத்த நாட்டில், ஒரே உலைச்சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது சிறு செய்தியன்று.

3. கோயிலுக்குள் எழுந்த சுவர்

எனினும் ஊரோடு இணைந்த கோயில் ஊரின் குறைகளையும் தன்னுள் ஏற்றது. இடையன்குடியைப் போலவே தென் நெல்லையில் உள்ள வடக்கன்குளம் இதற்குத் தக்க சான்று. 1872இல் அங்கு எழுந்த திருக்குடும்ப ஆலயம், பீடத்தில் ஒன்றுசேரும் இரு தனி மண்டபங்களாக அமைந்தது. வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பூசையில் பங்கேற்பதற்கான ஏற்பாடு அது. பீடம் பொது, அதை நோக்கி நிற்கும் நிலம் பொதுவன்று.

1910இல் கௌசானல் அடிகளார் அத்தடுப்பை அகற்றினார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது, சாதியைக் காட்டிக் கோயிலில் தனியிடம் கோரும் உரிமை அங்கு ஏற்கப்படவில்லை. 1745இல் இதே வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப்பெயர் விடப்பட்டது. அசனத்தையும் சுவரையும் ஒருங்கே நோக்கினாலன்றிச் சிற்றூர்க் கோயிலை முழுமையாக அறிந்தவராக மாட்டோம்.

4. தோ பாயோவில் எஞ்சியவை

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறித்தவர் அனைவரும் நெல்லையினின்று வந்தோர் அல்லர். புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் எனப் பல இடத்தாரும் அவருள் உளர். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் எழுந்தது லூர்து அன்னை ஆலயம். அதற்கு முந்திய ஆண்டில் சோஃபியா பிளாக்மோர் ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ்ச் சிறுமியர் ஒன்பதின்மரோடு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சிற்றூரில் ஒட்டிப் பிறந்த கோயிலும் பள்ளியும் இங்கும் அருகருகே தோன்றியமை நோக்கத்தக்கது.

ஆனால் இங்கு ஓர் ஊரார் ஒரு கோயில் என்ற நிலை இல்லை. பல ஊரார் ஒரே இருக்கையில் அமர்ந்தனர். அவர்களை இணைத்தது மொழி. பிறந்த ஊரே ஒன்றாக இல்லாதவிடத்தில் ஊர்ச்சுவரை அப்படியே எழுப்புதல் அரிது. சாதி உணர்வு மனத்திலிருந்தும் அகன்றுவிட்டது என நாம் கூறவில்லை. அதற்குரிய நிலம் இங்கில்லை என்பதே நம் கருத்து.

நிலம் இல்லாமை வேறோர் இழப்பையும் தந்தது. சிற்றூரில் ஒருவர் இறந்தால் மணியோசை ஊருக்கு அறிவிக்கும். குழி வெட்டுவதும் உணவு கொடுப்பதும் ஊரார் கடமை. மூதாதையர் கல்லறையைக் காட்டிப் பிள்ளைகளுக்கு உறவுமுறை சொல்லலாம். தோ பாயோவில் அடுக்குமாடிக் கீழ்த்தளமே இரங்கல் கூடமாகிறது. இன்று தோ பாயோத் திட்டமிடல் வட்டாரத்தைச் சேர்ந்த பிடாடரியில் இருந்த இடுகாடு 1972இல் மூடப்பட்டது. 2001 முதல் 2006 வரை அங்கிருந்த ஏறக்குறைய 58,000 கிறித்தவக் கல்லறைகள் தோண்டியெடுக்கப்பட்டு, அந்நிலம் வீடமைப்புக்கு உரியதாயிற்று. சுவா சூ காங் இடுகாட்டிலும் 1998 முதல் அடக்கத்துக்கு 15 ஆண்டு வரம்பு உண்டு. நிலம் குறைந்த நாட்டில் இதனைத் தவிர்க்க இயலாது எனினும், கல்லறை வழி நினைவைக் கையளிக்கும் மரபு இங்குத் தொடர இடமில்லை.

நிலமும் கல்லறையும் நீங்கியபின் எஞ்சுவது மொழி. அதுவும் உறுதியாக இல்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுகின்றனர். சிற்றூரில் தமிழ் ஊரோடு வந்தது. அதற்கெனக் கோயில் தேவைப்படவில்லை. இங்கோ தமிழுக்காகவே ஒருவர் தம் நகரின் கோயிலைக் கடந்து வேறொரு கோயிலுக்குச் செல்கிறார். அப்பயணத்தை அவர் பிள்ளைகளும் மேற்கொள்வரா என்பதே இன்றைய வினா.

முடிவுரை

சிற்றூர்க் கோயில் ஊரையும் உணவையும் கல்வியையும் கல்லறையையும் ஒன்றாகக் கட்டியது. அக்கட்டு சிலரைத் தாங்கியது, சிலரை ஒதுக்கியது. கடல் கடந்தபோது கட்டு அவிழ்ந்தது. ஒதுக்குதல் தளர்ந்தது, தாங்குதலும் தளர்ந்தது. தமிழாசிரியராகிய நாம் இங்குச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. ஓலை, அசனம், கோயில்பிள்ளை, கைப்பிடி அரிசி ஆகிய சொற்கள் இங்குள்ள முதியோர் சிலரின் நினைவில் இன்னும் வாழ்கின்றன. மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் அவற்றைக் கேட்டு எழுதிவரச் செய்தல் எளிது. அச்சொற்களோடு சுவரின் கதையும் பதிவாக வேண்டும். இழந்ததை மட்டும் பதிந்து, விட்டொழித்ததை விட்டுவிட்டால் அது வரலாறாகாது.