எலியிடம் முறையிட்ட குடியானவர்கள்

தினையையும் கோதுமையையும் தின்று கொழுத்த பெரிய எலி ஒன்று. அதை அடிக்கக் குடியானவன் கம்பை எடுக்கவில்லை. மூன்று வருஷமாகத் தீனி போட்டும் தங்கள்மீது இரக்கமில்லையே என்று அதனிடமே முறையிடுகிறான். இனி இங்கிருக்கப் போவதில்லை, நல்ல நாடு தேடிப் போகிறோம் என்கிறான். எலி என்றது யாரை என்று கேட்டவர்களுக்குத் தெரியும். வரி என்று சொல்லி விளைச்சலை வாரிக்கொண்டு போனவர்களைத்தான்!

சீனாவின் மிகப் பழைய பாடல் தொகுப்பான 'ஷி ஜிங்'கில் உள்ள பாட்டு இது. தமிழில் இதைக் 'கவித்தொகை' என்பர். கி.மு. 11ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை எழுந்த 305 பாடல்கள் இதில் உள்ளன. அவற்றுள் 160 பாடல்கள் பல நாட்டுப் பகுதிகளில் வழங்கியவை. பெரும்பாலானவற்றைப் பாடியவர் பெயர் தெரியாது.

பெண்கள் மூலிகை பறிக்கும் பாட்டு ஒன்று உண்டு. மொத்தம் பன்னிரண்டே அடிகள். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. மாறுவது ஆறு வினைச்சொற்கள் மட்டுமே. பறிப்பது, பொறுக்குவது, உருவுவது, மடியில் கட்டுவது என்று கை செய்யும் வேலை அப்படியே பாட்டாகிவிட்டது. நடவுப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு நீண்ட பாட்டு ஒரு வருஷத்து வேலையை மாதவாரியாகச் சொல்கிறது. பெண்டு பிள்ளைகள் வயலுக்குச் சோறு கொண்டு போகிறார்கள். பட்டுப் புழுவுக்காகப் பெண்கள் கூடையுடன் முசுக்கொட்டை இலை பறிக்கிறார்கள். வயலில் கத்திய சிள்வண்டு, குளிர் வந்ததும் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்கிறது. எலி வளைகளைப் புகை போட்டு அடைக்கிறார்கள். வேட்டையில் சிக்கிய நரித்தோல் பிரபுவின் மகனுக்கு. காட்டுப் பன்றியில் சிறியது தங்களுக்கு, பெரியது பிரபுவுக்கு. இந்தப் பங்கைப் பற்றிப் பாட்டு ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

இப்படிப்பட்ட பாட்டுகளுக்குப் பிற்காலத்தில் வந்த மரியாதை விசித்திரமானது. கி.மு. 213இல் சின் பேரரசன் கொளுத்தச் சொன்ன நூல்களில் இதுவும் ஒன்று. கி.மு. 136க்குள் ஹான் அரசில் இதுவே வேதம் போலாயிற்று. பண்டிதர்கள் காதல் பாட்டுகளுக்கெல்லாம் அரசியல் உரை எழுதினர். தூக்கமின்றிப் புரளும் காதலனைப் பற்றிய முதல் பாட்டு, அரசியின் ஒழுக்கத்தைப் புகழ்வதாகிவிட்டது! இவற்றில் பல, தெருவில் ஆணும் பெண்ணும் பாடிக்கொண்டவைதாம் என்று 12ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்ற அறிஞர் துணிந்து சொன்னார்.

போர் முடிந்து, மூன்றாண்டுப் பிரிவுக்குப்பின் தூறலில் ஊர் திரும்பும் சிப்பாயின் பாட்டுக்கு எந்த உரையும் வேண்டாம். வீட்டு இறவாரத்தில் சுரைக்கொடி படர்ந்திருக்கும், வாசலில் சிலந்தி வலை கட்டியிருக்கும் என்று வழியெல்லாம் எண்ணுகிறான். கல்யாணத்தன்று அவளுக்குத் தாய் முடிச்சிட்டு விட்ட துணி நினைவு வருகிறது. புதுப்பெண்ணாக அவ்வளவு நன்றாக இருந்தவள் இப்போது எப்படியிருக்கிறாளோ என்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது. அவன் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.